இளம் ஐ.சி.எஸ். அதிகாரியின் கோப்பைத் தேடிப் போகிறவர்களுக்கு

ஊர் வரலாறு எழுத உட்கார்ந்தால் ஏதோ ஓர் இடத்தில் ஓர் அசிஸ்டெண்ட் கலெக்டர் குறுக்கே வருவார். ஏரி மதகுத் தகராற்றில் அவர் உத்தரவு போட்டிருப்பார். கோயில் வழக்கில் சாட்சி விசாரித்திருப்பார். வயது இருபத்தைந்துகூட இருக்காது. இவர் யார், எந்தப் பரீட்சை எழுதி வந்தார், தமிழ் எங்கே படித்தார், தேறினாரா இல்லையா என்று கேட்டால் ஒருவரும் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள். 'லண்டனில் இருக்கும்' என்பார்கள்.

லண்டனில் இருப்பது உண்மைதான். ஆனால் தேவைப்படுவதில் பெரும்பகுதி வீட்டுக் கணினியிலும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலுமே கிடைத்துவிடுகிறது. தமிழ் படிக்க வைக்கப்பட்ட இளம் அதிகாரிகள் சிலரை நான் தேடினேன். சிலர் சென்னை மாகாணத்துக்கு வந்தவர்கள். சிலர் தோட்டத் தொழிலாளர்களின் மொழி தெரிய வேண்டும் என்று மலாயா அரசு அனுப்பியவர்கள். அந்தத் தேடலில் அலைந்த அலைச்சலில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முதல்முறை தேடுகிற ஆய்வு மாணவர்களையும், குடும்ப வரலாறு, ஊர் வரலாறு எழுதுகிறவர்களையும் மனதில் வைத்திருக்கிறேன். இந்த நிர்வாகம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு வேறு இடங்கள் உண்டு.

1. எந்தச் சேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த எல்லாரும் ஐ.சி.எஸ். (இந்தியன் சிவில் சர்வீஸ்) இல்லை. லண்டனில் அரசோடு உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டு வந்தவர்கள் தனி வகை. அவர்களைத்தான் 'கவனன்டட்' என்பார்கள். தாசில்தார்களும் பெரும்பாலான டெபுடி கலெக்டர்களும் அதற்கு வெளியே இருந்தவர்கள். அவர்களுடைய நியமனம் மாகாண அரசின் கையில் இருந்தது. ஆகவே அவர்கள் கோப்பை லண்டனில் தேடுவது வீண்வேலை, எழும்பூரில்தான் தேட வேண்டும்.

இரண்டாவது பிரிவு இன்னும் முக்கியம். இந்தியா (1937 வரை பர்மாவும் இதில் அடக்கம்) இந்தியா ஆபீஸின் கீழ் இருந்தது. இலங்கை, மலாயா, ஹாங்காங் மூன்றும் காலனி ஆபீஸின் கீழ் இருந்தன. இரண்டு அமைச்சகங்களின் ஆவணங்களும் லண்டனில் இருந்தாலும் ஒரே கூரையின் கீழ் இல்லை. இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் செயின்ட் பங்கிராஸில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. காலனி ஆபீஸ் ஆவணங்கள் நகரின் மேற்குக் கோடியில், கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கச்சேரியில் (மாவட்ட அரசு அலுவலகத்தில்) இருந்தவரை பிரிட்டிஷ் நூலகத்தில் தேடிக் கொண்டிருந்தால் ஒரு நாள் போனதுதான் மிச்சம்.

மூன்றாவது: 'கேடட்' (பயிற்சி நிலையில் சேர்ந்தவர்) என்று பார்த்தவுடன் சிவில் அதிகாரி என்று எண்ணிவிடாதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் படையில் சேர வந்த பையன்களுக்கும் அதே பெயர்தான். அந்தப் படைக் கேடட்களின் தாள்கள் ஐ.ஓ.ஆர்./எல்/மில்/9 (ஐ.ஓ.ஆர். என்றால் இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்) என்ற வரிசையில் தனியாக இருக்கின்றன. கிழக்கு நாடுகளின் சிவில் கேடட்கள் காலனி ஆபீஸ் ஆட்கள். கலெக்டராகப் பேர் வாங்கிய தாமஸ் மன்றோ 1780-ல் சென்னைக்கு வந்தது படைக் கேடட்டாக. சிவில் சேவைக்கு விண்ணப்பித்தவர்களின் தாள்களில் அவர் கிடைக்க மாட்டார்.

2. சேர்ந்த ஆண்டைப் பிடியுங்கள்

தேர்வு முறை காலத்துக்குக் காலம் மாறியதால், எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதை ஆண்டுதான் தீர்மானிக்கிறது.

1805 வரை வந்தவர் 'ரைட்டர்', அதாவது கம்பெனியின் தொடக்க நிலை சிவில் ஊழியர். ஒரு டைரக்டரின் சிபாரிசும் ஒரு விண்ணப்பமும் போதும், பரீட்சை கிடையாது. அந்த விண்ணப்பங்கள் ஐ.ஓ.ஆர்./ஜே/1 வரிசையில் இருக்கின்றன. தாள் பார்க்க எளிமையாக இருக்கும்: எழுத்தும் கணக்கும் கற்றிருக்கிறேன், கம்பெனியின் ரைட்டராக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பணிவாக நாலு வரி. அதோடு ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல், பாதிரியார் கையெழுத்தோடு. அடுத்து, கணக்கு வாத்தியார் கொடுத்த சான்று. வயது, பெற்றோர், ஊர், படிப்பு எல்லாம் இந்த இரண்டு மூன்று தாளில் வந்துவிடும். 1796-ல் ரைட்டராகச் சேர்ந்து பிற்பாடு சென்னைக் கலெக்டரான எல்லிஸ் போன்றவர்களை இந்த வரிசையில் தேட வேண்டும்.

1806 முதல் 1850-களின் நடுப்பகுதி வரை வந்தவர்கள் கம்பெனி நடத்திய கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள். ஹெய்லிபரி என்று சொல்வார்கள். அந்தக் கல்லூரி 1858-ல் மூடப்பட்டது. இவர்களின் சேர்க்கை விண்ணப்பமும் அதே ஜே/1 வரிசையில்தான். இவர்கள் சென்னை வந்தபின் மொழிப் பயிற்சி பெற்றது 1812-ல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். 1854-ல் அது தேர்வாளர் குழுவாக மாறிவிட்டது.

1855 முதல் போட்டித் தேர்வு. வயது வரம்பு அடிக்கடி மாறியதால் அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தொடக்கத்தில் 23 வரை எழுதலாம். 1866-ல் அது 21 ஆனது. 1870-களின் இறுதியில் 19 ஆகக் குறைந்தது. 1892-ல் மீண்டும் 23, 1906-ல் 24. பிறந்த ஆண்டு தெரிந்தால் தேர்வெழுதிய ஆண்டை இதை வைத்தே இரண்டு மூன்று ஆண்டுக்குள் அடக்கிவிடலாம். 1880-ல் வந்தவருக்கு 24 வயது என்று யாராவது எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். 1922 முதல் தேர்வு இந்தியாவிலும் நடந்தது. அப்படி வந்த இந்தியர்களுக்கு லண்டன் ஆவணம் மட்டும் போதாது, டெல்லியில் உள்ள ஹோம் டிபார்ட்மெண்ட் கோப்புகளும் தேவை.

காலனி ஆபீஸ் பக்கம் ஹாங்காங் 1860-களின் தொடக்கத்தில் கேடட்களை எடுக்கத் தொடங்கியது. கிழக்குக் கேடட் தேர்வு 1896 முதல் ஐ.சி.எஸ்., பிரிட்டனின் உள்நாட்டு சிவில் சர்வீஸ் தேர்வுகளோடு இணைந்தது. அதன்பின் ஒரே பரீட்சை, ஒரே மதிப்பெண் பட்டியல். மேலே வந்தவர்கள் பெரும்பாலும் உள்நாட்டையோ இந்தியாவையோ எடுத்துக்கொள்வார்கள். கீழே இருந்தவர்களுக்கு இலங்கையும் மலாயாவும் வாய்த்தன. 1904-ல் இப்படித்தான் எழுத்தாளர் லியனார்டு வுல்ஃப் இலங்கைக்குக் கேடட்டாகப் போனார், யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கினார். ஆகவே உங்கள் ஆள் இலங்கைக் கேடட்டாகவே இருந்தாலும் அந்த ஆண்டின் முழுப் பட்டியலையும் பாருங்கள். அவர் எத்தனையாவது இடம், எதை விட்டுவிட்டு எதை எடுத்தார் என்பது அதில்தான் தெரியும்.

3. வீட்டிலிருந்தே முடிக்கக் கூடியதை முடியுங்கள்

இந்தப் படியில் பொறுமையாக உட்காருங்கள். பெரும்பாலும் பைசா செலவில்லை.

இந்திய அதிகாரி என்றால் முதலில் இந்தியா ஆபீஸ் லிஸ்ட். ஆண்டுதோறும் வந்த தடித்த புத்தகம். பின்பகுதியில் அகர வரிசையில் சர்வீஸ் குறிப்பு இருக்கும்: எங்கே படித்தார், எந்த ஆண்டுத் தேர்வு, எப்போது வந்து சேர்ந்தார், எந்தெந்தப் பதவி. காலனி அதிகாரி என்றால் 1862 முதல் வந்த காலனி ஆபீஸ் லிஸ்ட். அதிலும் கடைசிப் பகுதியில் இதே போன்ற குறிப்பு இருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திடிரஸ்ட் என்ற இணைய நூலகங்கள் இரண்டிலும் பல ஆண்டுப் பிரதிகள் இருக்கின்றன. எல்லா ஆண்டும் இருக்காது. பதவி ஏறியவரைத் தேடுகிறீர்கள் என்றால் அவர் ஓய்வு பெறுவதற்குச் சற்று முந்தைய பிரதியை எடுங்கள். முழு வரலாறும் ஒரே பத்தியில் கிடைக்கும். சேர்ந்த ஆண்டுப் பிரதியில் பெயரைத் தவிர ஒன்றும் இருக்காது.

அடுத்து லண்டன் கெஸட். அதன் இணையதளத்தில் பழைய இதழ்கள் எல்லாம் இலவசம். சிவில் சர்வீஸ் கமிஷனர்கள் சான்று கொடுத்தவர்களின் பெயர்கள் இதில் அச்சாகும். தேதி உறுதியாகக் கிடைக்கும் இடம் இது.

மூன்றாவது, இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம். பெயர் பதிவு செய்துகொண்டால் ஸ்கேன் செய்த கோப்புகளை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஹோம் டிபார்ட்மெண்டின் எஸ்டாப்ளிஷ்மெண்ட் பிரிவுக் கோப்புகளில் பயிற்சி விதிகள், மொழித் தேர்வு மாற்றங்கள், படிகள் பற்றிய கடிதங்கள் நிறைய. கோப்புத் தலைப்பை அந்தக் காலத்து குமாஸ்தா எழுதிய மாதிரியே தட்ட வேண்டும். 'ட்ரெய்னிங்' என்று தேடினால் வராதது 'ப்ரொபேஷனர்ஸ்', 'ஜூனியர் சிவிலியன்ஸ்', 'டிபார்ட்மெண்டல் எக்ஸாமினேஷன்' என்று தேடினால் வரும்.

மலாயா, சிங்கப்பூர் ஆட்களுக்கு சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்துக்கு ஈடு இல்லை. கேடட் கப்பலில் வந்து இறங்கினார், மலாய்த் தேர்வில் தேறினார், மொழி படிக்க இந்தியா புறப்படுகிறார் என்று இரண்டு வரிச் செய்திகளாக வந்துகொண்டே இருக்கும். ஹாங்காங்குக்கு அங்குள்ள பல்கலைக்கழகம் நடத்தும் பழைய அரசு அறிக்கைத் தளம் இருக்கிறது. அரசு கெஸட், ப்ளூ புக் எல்லாம் அதில் இலவசம்.

குடும்ப விவரம் வேண்டுமானால் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தளம் நல்ல தொடக்கம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகள் ஐ.ஓ.ஆர்./என் வரிசையில் இருக்கின்றன. என்/1 வங்காளம், என்/2 சென்னை, என்/3 பம்பாய். இவை சந்தா கட்டும் வணிகத் தளம் ஒன்றில் ஏறியிருக்கின்றன. ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டி, தேட வேண்டிய பெயர்களை எல்லாம் முன்பே பட்டியல் போட்டு, ஒரே மூச்சில் முடித்துவிட்டு சந்தாவை நிறுத்திவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுவது உத்தமம்.

4. பெயர், தேதி, பணம்: மூன்றிலும் ஏமாறலாம்

இனிஷியல் ஒன்றாக இருக்கும், குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கும், ஆள் வேறாக இருப்பார். அப்பாவும் மகனும் ஒரே மாகாணத்தில் வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. சேர்ந்த ஆண்டை ஒவ்வொரு குறிப்போடும் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் ஆவணங்களில் இந்தப் பெயர்கள் படும் பாடு தனிக் கதை. எந்த ஆங்கிலப் பெயருக்கு அந்தத் தமிழ் வடிவம் என்று ஊகத்தில் எழுதாமல் அந்த ஆண்டு சிவில் லிஸ்டோடு (மாகாண அதிகாரிகளின் அச்சுப் பட்டியல்) வைத்துப் பாருங்கள்.

தேர்ந்த ஆண்டு வேறு, வந்து சேர்ந்த ஆண்டு வேறு. நடுவில் இங்கிலாந்திலேயே ஒன்றோ இரண்டோ ஆண்டுப் பயிற்சி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: தேர்ச்சிப் பட்டியலில் பெயர் இருக்கும், சர்வீஸ் பட்டியலில் இருக்காது. அரவிந்தர் 1890-ல் போட்டித் தேர்வில் தேறினார். 1892-ல் குதிரையேற்றத் தேர்வை முடிக்காததால் தள்ளப்பட்டார். சுபாஷ் சந்திர போஸ் 1920-ல் நான்காவதாகத் தேறி 1921-ல் விலகிவிட்டார். பெயர் தெரியாத இன்னும் பலர் இப்படி நடுவழியில் கழன்றவர்கள். மாகாண ஆவணத்தில் உங்கள் ஆள் கிடைக்கவில்லை என்றால் பயிற்சிக் காலத்துக் கோப்பைப் பாருங்கள்.

சம்பளத்தை ஒப்பிடும்போது நாணயத்தைக் கவனியுங்கள். பழைய சென்னைக் கணக்கு பகோடா என்ற பொன் நாணயத்தில் இருக்கும். 1818-ல் மாற்றியபோது 100 பகோடாவுக்கு 350 ரூபாய். 1920-களின் பிற்பகுதி ரூபாயை பவுண்டாக்க 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதற்கு முந்தைய தலைமுறையில் 1 ஷில்லிங் 4 பென்ஸ். மலாயாவில் டாலர், 1906 முதல் 2 ஷில்லிங் 4 பென்ஸ். இந்த விகிதங்கள் இல்லாமல் 'மலாயாக் கேடட்டுக்கு அதிகச் சம்பளம்' என்று எழுதிவிடாதீர்கள். பல ஆய்வேடுகளில் இப்படி எழுதியிருப்பதைப் பார்க்கிறேன்.

5. எழும்பூர்

தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண அரசின் கோப்புகள் துறைவாரியாக இருக்கின்றன. இளம் அதிகாரியின் நியமனம், மாற்றம், விடுப்பு, தேர்வு எல்லாம் பப்ளிக் டிபார்ட்மெண்டில். அவர் மாவட்டத்தில் என்ன செய்தார் என்பது ரெவின்யூ டிபார்ட்மெண்டிலும் போர்டு ஆஃப் ரெவின்யூ நடவடிக்கைகளிலும்.

அனுமதிக்கு ஆணையருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். கையோடு எடுத்துப் போக வேண்டியவை: நிறுவனத்தின் அறிமுகக் கடிதம், அடையாள அட்டை, புகைப்படம், ஆய்வுத் தலைப்பு. தலைப்பை ரொம்பக் குறுக்கிவிடாதீர்கள். '1880-ல் மதுரை அசிஸ்டெண்ட் கலெக்டர்' என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு 1875-ம் ஆண்டுக் கோப்பைக் கேட்டால் கேள்வி வரும். 'சென்னை மாகாண சிவில் நிர்வாகம், 1800 முதல் 1947 வரை' என்கிற மாதிரி அகலமாக வைப்பது பிற்பாடு கைகொடுக்கும். எந்த நிறுவனத்தோடும் சேராதவர்கள் முதலில் நேரில் போய் என்ன கடிதம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பிறகு விண்ணப்பிப்பது நல்லது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்குக் கூடுதல் காகிதம் தேவைப்படும். அவர்கள் விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

உள்ளே போனதும் கோப்பைக் கேட்காதீர்கள். முதலில் அந்த ஆண்டின் அச்சு அட்டவணை நூல். அதில் அதிகாரியின் பெயரிலும் பாருங்கள், 'எக்ஸாமினேஷன்ஸ்', 'சிவிலியன்ஸ்', 'அசிஸ்டெண்ட் கலெக்டர்ஸ்' என்ற தலைப்புகளிலும் பாருங்கள். பெயரின் கீழ் இல்லாதது தலைப்பின் கீழ் இருக்கும். ஜி.ஓ. எண், துறை, தேதி மூன்றும் சரியாக இருந்தால்தான் கட்டு வரும். ஒன்று தவறினாலும் 'கிடைக்கவில்லை' என்று சீட்டு திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்த சீட்டை நம்பிக் கோப்பே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. எண்ணைச் சரிபார்த்து மறுபடி போடுங்கள், பக்கத்துத் தேதியைக் கேளுங்கள்.

காகிதம் நொறுங்கும் நிலையில் இருந்தால் ஜெராக்ஸுக்குத் தர மாட்டார்கள். அதனால் நோட்டில் எழுதத் தயாராகப் போங்கள். நகல் கேட்டால் அன்றே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நகலுக்கான மனுவை முதல் இரண்டு நாளிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

6. லண்டன்: பிரிட்டிஷ் நூலகம்

மேலே சொன்னதை முடித்த பிறகும் கேள்வி மிச்சமிருந்தால் மட்டும் இங்கே வாருங்கள்.

ரீடர் பாஸ் இலவசம். அடையாளச் சான்றும் வீட்டு முகவரிச் சான்றும் வேண்டும். ஆதாரில் உள்ள முகவரியும் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் வேறு வேறாக இருப்பவர்கள், தற்போதைய முகவரியுள்ள வங்கிக் கணக்கு அறிக்கையை ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதல் நூலகத்தின் பட்டியலையும் முன்பதிவு முறையையும் முடக்கிப் போட்டது. பழைய வழிகாட்டிகளில் உள்ள பல இணைப்புகள் இன்று வேலை செய்யாது. எந்த வரிசை கிடைக்கும், எதைக் கிடங்கிலிருந்து வரவழைக்க முடியும் என்று ஆசிய ஆப்பிரிக்கப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.

கேட்க வேண்டிய வரிசைகள் சில. வி/12 என்பது கெஸட் பதவி அதிகாரிகளின் சர்வீஸ் வரலாறு, மாகாணவாரியாக. வி/13 சிவில் லிஸ்ட். எல்/பி.ஜே/6 என்பது 1880 முதல் 1930 வரையான பப்ளிக் அண்ட் ஜுடிஷியல் ஆண்டுக் கோப்புகள். தேர்வு விதிகள் மீதான சண்டைகள், பயிற்சியாளர் மீதான புகார்கள், விலகல் கடிதங்கள் எல்லாம் இதில். ஓய்வு பெற்ற ஐ.சி.எஸ்.காரர்கள் தங்கள் பயிற்சிக் காலத்தைப் பற்றித் தாங்களே எழுதிக் கொடுத்த நினைவுக் குறிப்புகள் ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளில் எஃப்180 எண்ணில் இருக்கின்றன. முதல் மாவட்டத்தில் முன்ஷி எப்படித் தமிழ் சொல்லிக் கொடுத்தார், எந்தத் தேர்வில் விழுந்தார்கள் என்பதெல்லாம் அரசுக் கோப்பில் வராது. இந்த மாதிரிக் குறிப்புகளில்தான் வரும். கிழவர்கள் நாற்பது ஆண்டு கழித்து எழுதியவை என்பதை மறக்காமல் படியுங்கள்.

கேம்பிரிட்ஜில் தெற்காசிய ஆய்வு மையத்தில் இதே வகைக் குடும்பத் தாள்கள் உண்டு. பட்டியலை இணையத்தில் பார்க்கலாம். பேனா எங்கும் உள்ளே அனுமதி இல்லை, பென்சில்தான். பிரிட்டிஷ் நூலகத்தில் கைபேசியில் படம் எடுக்கக் கட்டணம் கிடையாது. ஆனால் சில கோப்புகளுக்குத் தடை இருக்கும். மேசையில் உள்ளவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

7. லண்டன்: கியூ

இங்கும் ரீடர் டிக்கெட் இலவசம். இணையத்தில் முன்பதிவு, பிறகு நேரில் அடையாளச் சரிபார்ப்பு. ஞாயிறும் திங்களும் வாசிப்பறை இல்லை என்பதை வைத்து ஓட்டல் அறை போடுங்கள். சில ஆவணங்கள் செஷயரில் ஓர் உப்புச் சுரங்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அவை கியூவுக்கு வந்து சேர மூன்று வேலை நாள் ஆகும். ஆகவே பட்டியலில் 'வெளியே வைக்கப்பட்டது' என்று இருந்தால் ஊரிலிருந்தே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

சி.ஓ. என்றால் காலனி ஆபீஸ். சி.ஓ. 54 இலங்கை. சி.ஓ. 129 ஹாங்காங். சி.ஓ. 273 நீரிணைக் குடியேற்றங்கள், அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா. சி.ஓ. 717 கூட்டு மலாய் மாநிலங்கள், 1920 முதல். சி.ஓ. 877 நியமனப் பிரிவு. தேர்வு மதிப்பெண் பட்டியல்கள் சி.எஸ்.சி. (சிவில் சர்வீஸ் கமிஷன்) 10-ல்.

பழைய சி.ஓ. தொகுதிகள் கட்டப்பட்ட முறை தெரிந்தால் நேரம் மிச்சம். முதலில் கவர்னரின் கடிதங்கள் தேதி வரிசையில். அதன்பின் மற்ற அலுவலகங்களின் கடிதங்கள். கடைசியில் தனிநபர் கடிதங்கள், அகர வரிசையில். கேடட் தேர்வான செய்தி சிவில் சர்வீஸ் கமிஷனின் கடிதமாக நடுப் பகுதியில் இருக்கும். 'எனக்கு இரண்டு வாரம் அவகாசம் வேண்டும், என் பெட்டிக்குக் கப்பல் செலவு யார் தருவது' என்று பையன் எழுதியது கடைசித் தொகுதியில் இருக்கும். மொழித் தேர்வில் விழுந்தான், தேறினான் என்பது ஆறேழு மாதம் தாண்டி கவர்னர் கடிதத்தில் வரும். ஒரே ஆளின் கதை மூன்று தொகுதியில் சிதறிக் கிடக்கும். முதல் தொகுதியை மட்டும் புரட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று எழுந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு கடிதத்தின் மேலுறைத் தாளையும் படம் எடுங்கள். அதில்தான் அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிய குறிப்புகள் வரிசையாக இருக்கும். கடிதத்தில் மரியாதையாக எழுதப்பட்டது அங்கே அப்பட்டமாக இருக்கும். கடிதப் பதிவேட்டில் 'சட்டப்படி அழிக்கப்பட்டது' என்ற முத்திரையைக் கண்டால் அந்தக் கோப்பு இனி இல்லை. அதைத் தேடி நேரம் செலவிட வேண்டாம். பதிவேட்டில் உள்ள ஒரு வரிச் சுருக்கத்தையே மேற்கோளாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சி.ஓ. 273 மட்டும் போதும் என்கிறவர்களுக்கு லண்டன் தேவையில்லை. அதன் மைக்ரோஃபிலிம் சிங்கப்பூரில் இருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய் வருவது எத்தனையோ மலிவு.

8. கொழும்பும் கோலாலம்பூரும்

கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் அரசாங்க அதிபர்களின் (நம் ஊர்க் கலெக்டர் மாதிரி) நாட்குறிப்புகள் இருக்கின்றன. கச்சேரியில் புதிதாக வந்த கேடட்டை எங்கே அனுப்பினார்கள், என்ன வேலை கொடுத்தார்கள் என்பது இவற்றில் நாள்வாரியாக வரும். வுல்ஃப் அம்பாந்தோட்டையில் எழுதிய நாட்குறிப்புகள் அச்சிலேயே வந்துவிட்டன. மற்றவர்களுடையதற்கு நேரில்தான் போக வேண்டும். 1875-ல் போட்டித் தேர்வு வழியே இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் போன்ற உள்நாட்டவரின் கோப்புகளை சி.ஓ. 54-ஓடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

கோலாலம்பூரில் உள்ள மலேசிய தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாராவில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் முக்கியம். இணையத்தில் பட்டியல் உண்டு. 'தமில்' என்று மட்டும் தேடாமல் 'லேபர் டிபார்ட்மெண்ட்', 'இம்மிகிரேஷன்' என்றும் தேடுங்கள். ஜப்பானியர் காலத்தில் போன கோப்புகள் பல. அந்த ஓட்டைகளை செய்தித்தாளும் கெஸட்டும் கொண்டு அடைக்க வேண்டியதுதான்.

9. பயிற்சிக்கு ஆதாரம் எங்கே

இளம் அதிகாரியின் தனிக் கோப்பு கிடைத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு கோப்பு இன்று இல்லை. பயிற்சி அரசுத் தாளில் தடம் விட்ட இடங்கள் வேறு. ஒன்று, தேர்வு முடிவு. சென்னையில் வந்து சேர்ந்தவர் ஒரு மாவட்டக் கலெக்டரிடம் இணைக்கப்படுவார். மூன்றாம் வகுப்பு மாஜிஸ்திரேட் அதிகாரத்தோடு சின்ன வழக்குகள் விசாரிப்பார். மொழி, சட்டம், வருவாய் விதிகள் ஆகியவற்றில் டிபார்ட்மெண்டல் தேர்வு எழுதுவார். முடிவுகள் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஸட்டில் வரும். இரண்டு, அதிகாரம் உயர்ந்த தேதி. இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு அதிகாரம் கிடைத்த கெஸட் அறிவிப்புகளை அடுக்கினால் ஆள் எவ்வளவு வேகமாகத் தேறினார் என்பது தெரிந்துவிடும். மூன்று, சம்பளம். தேர்வில் தேறாதவருக்கு உயர்வு நிற்கும். ஆகவே சிவில் லிஸ்டில் கூடச் சேர்ந்தவர்களோடு ஒப்பிடுங்கள்.

ஹாங்காங் கேடட்களை கான்டனுக்கு அனுப்பிக் கான்டனீஸ் படிக்க வைத்தார்கள். மலாயாவில் மலாய்த் தேர்வு எல்லாருக்கும் உண்டு. சீனம் அல்லது தமிழுக்கு ஒதுக்கப்பட்டவர்களுக்கு அந்த மொழித் தேர்வு கூடுதல். தமிழுக்கு வந்தவர்களைச் சென்னை ஆவணத்தில் தேடும்போது 'மலாயன் சிவில் சர்வீஸ்', 'ஃபெடரேட்டட் மலே ஸ்டேட்ஸ்' என்ற தலைப்புகளில் பப்ளிக் டிபார்ட்மெண்ட் அட்டவணையைப் பாருங்கள்.

10. செலவும் நாளும்

வரிசை இதுதான்: வீட்டுத் தேடல், எழும்பூர், தேவைப்பட்டால் சிங்கப்பூர் அல்லது கொழும்பு, கடைசியில் லண்டன். வீட்டுத் தேடலுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள், வார இறுதிகளில் உட்கார்ந்தாலே போதும். பிரிட்டன் விசிட்டர் விசாவுக்குச் சாதாரணமாக மூன்று வார முடிவு என்கிறார்கள். கோடை விடுமுறைக் கூட்டத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே தாமதமாகும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு காப்பகம் அனுப்பிய மின்னஞ்சல் பதிலை இணைத்தால் போகும் காரணம் தெளிவாக இருக்கும்.

இரண்டு மூன்று கோப்புகள்தான் வேண்டும் என்றால் பயணமே வேண்டாம். கியூ தளத்தில் தனி ஆய்வாளர்களின் பட்டியல் இருக்கிறது. மணிக் கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் எடுத்து அனுப்புவார்கள். காப்பகமே நகல் அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் பக்கம் எண்ணிச் சொல்வதற்கே தனிக் கட்டணம், பிறகு பக்கத்துக்குப் பக்கம் விலை. தடித்த தொகுதி என்றால் தனி ஆய்வாளரே மலிவு. எந்த வழியானாலும் வரிசை எண், தொகுதி எண், தேதி, கடிதம் எழுதியவர் பெயர் நான்கையும் எழுதிக் கொடுங்கள். 'இவரைப் பற்றி இருப்பதை எல்லாம்' என்று கேட்டால் மணிக்கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

படம் எடுக்கும்போது ஒவ்வொரு கோப்பின் முதல் படமாக அதன் எண் எழுதிய சீட்டை வைத்து எடுங்கள். அன்றன்றைய படங்களை அன்றிரவே எண்ணின் பெயரில் தனி ஃபோல்டரில் போட்டு, பென் டிரைவில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். சி.ஓ. 273-ன் இரண்டு தொகுதிகளின் கடிதங்கள் கைபேசியில் கலந்துவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது, மறுபடி ஆர்டர் போட வேண்டிவரும்.